காசல்ரீக் கரையில் ஒரு படகும் கீழ் லயத்துத் தண்ணீரும்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து இருபதுக்குத் திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் எழுநூற்று இருபது ரூபாய். தோளில் கருவிப் பை, காலடியில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் பன்னிரண்டு வோல்ட் தண்ணீர்ப் பம்பு ஒன்று. நடத்துனர் பெட்டிக்கும் டிக்கெட் எழுதப் பார்த்தார். நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். அப்படியே ஐந்தரை மணி நேரம், கண்டி வரும்வரை இறக்கி வைக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் வீம்பு உண்டு.

என் தொழிலைச் சொன்னால்தான் மீதி விளங்கும். பாய்மரப் படகுகளில் நல்ல தண்ணீர் ஏற்பாட்டைச் செய்து கொடுப்பவன் நான். படுக்கைக்கு அடியில் தண்ணீர்த் தாங்கி, அதிலிருந்து ஹோஸ், பம்பு, சமையல் மேடையில் ஒரு பைப், மலசலகூடத்தில் ஒரு பைப். சொல்ல இவ்வளவுதான். ஆனால் தாங்கி பாசி பிடித்து நாறும், ஹோஸுக்குள் கறுப்புப் பூஞ்சணம் படரும், கண்ணுக்குத் தெரியாத கசிவால் பம்பு ராமுழுக்க விட்டு விட்டு ஓடும். காற்றுக் காலத்தில் எங்கள் குடாவுக்கு வரும் வெளிநாட்டுப் படகுகள் என்னைத் தேடும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் சோறு.

கடலே இல்லாத ஹட்டன் மலைக்கு நான் போகக் காரணம் வின்சன்ட் ஐயா. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் சின்னத் துரையாக, உதவி மேலாளராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் நாலு அறை விருந்தினர் விடுதி நடத்துகிறார். மூன்று வருடத்துக்கு முன் திருகோணமலையில் கிடந்த முப்பதடிப் பாய்மரப் படகொன்றை வாங்கி, லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனார். விடுதிக்கு வருபவர்கள் படகில் இரண்டு ராத்திரி தங்கலாம். தேயிலைச் சரிவுக்குக் கீழே மிதந்துகொண்டு தூங்குவதற்கு ஆட்கள் வரத்தான் செய்தார்கள்.

ஜனவரியில் அவர் கூப்பிட்டு, படகின் தண்ணீரை நவீனமாக்கித் தரச் சொன்னார். போய் ஐந்து நாள் நின்று செய்து கொடுத்தேன். மார்ச்சில் மறுபடி அவர் அழைப்பு வந்தது. பம்பு நிற்காமல் ஓடி ஓடிச் சூடாகிறதாம், பைப்பில் காற்றுத்தான் சீறுகிறதாம். வேறு பம்பு கொண்டு வரச் சொன்னார். அன்று பின்னேரமே இன்னொரு அழைப்பு வந்தது. படகைப் பார்த்துக்கொள்ளும் முருகேசு.

"அண்ணே, நீங்க வர்றீங்கன்னு தொர சொன்னாரு. பம்புல ஒண்ணும் இல்லண்ணே. தண்ணிதான் இல்ல. நீங்க மேல பைப்பப் போட்டதுலேருந்து எங்க கீழ் லயத்துப் பீலிக்குத் தண்ணி சரியா வர்றதில்ல. பொம்பளைங்க ரோட்டுக்குக் கீழ ஓடையிலதான் எடுக்குறாங்க. போன மாசம் எங்க வீட்டுக்காரி அங்கன வழுக்கி விழுந்துட்டா. கை மணிக்கட்டு ஒடஞ்சுருச்சு."

"நீங்க வந்தா தொரகிட்டச் சொல்லி எதாவது செய்யலாம்ல?" என்றார். நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஆகவே இந்தப் பயணம் பம்பு மாற்றும் பயணம் அல்ல. நான் எடுத்த தண்ணீரைக் கீழ் லயத்தின் பத்துத் தொழிலாளர் வீடுகளுக்கும் இருக்கும் ஒரே குழாயான அந்தப் பீலிக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கப் போன பயணம். பெட்டிக்குள் பம்பு இருந்தது, மனதில் நிம்மதி இல்லை.

கண்டியில் பதினொரு மணி. சோறு இருநூற்றைம்பது, பிளேன் டீ ஐம்பது. பன்னிரண்டு மணி ஹட்டன் பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் கிடைத்தது. நாவலப்பிட்டி தாண்டியதும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கினிகத்தேனையில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தார்.

"என்னாங்க, டீவியா?"

"தண்ணிப் பம்பு."

"எங்க லயத்துக்கும் ஒண்ணு வாங்கித்தாங்க, புண்ணியமாப் போகும்," என்று சிரித்தார். மழையில்லாமல் இரண்டு மாதமாகிறது, கொழுந்தும் கருகிப்போய்க் கிடக்கிறது என்றார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்.

ஜனவரியில் நான் செய்ததை அந்த வளைவுகளில் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். படகின் சமையல் மேடைக்கு அடியில் முன்பு இரண்டு மிதிபம்புகள் இருந்தன. காலால் மிதித்தால் பைப்பில் தண்ணீர் வரும், காலை எடுத்தால் நிற்கும். ஒன்று தாங்கியிலிருந்து நல்ல தண்ணீரை எடுக்கும். மற்றது படகின் அடியில் இருக்கும் வால்வு வழியாகக் கடல் தண்ணீரை எடுக்கும். கடலோடிகள் பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவிக் கடைசியில்தான் நல்ல தண்ணீரில் அலசுவார்கள். அப்படித்தான் நூற்று அறுபது லீற்றர் தாங்கியில் இரண்டு பேர் பத்து நாள் ஓட்டுவார்கள்.

நான் இரண்டையும் கழற்றினேன். இங்கே கடலே இல்லை, கடல் தண்ணீர்ப் பம்பு எதற்கு என்று அந்த வால்வை மூடி, அதன் தலையில் ஒரு மூடியும் போட்டு இறுக்கினேன். மின்பம்பு பொருத்தினேன். ஷவர் வைத்தேன். தாங்கியைத் திறந்து குளோரின் போட்டு ஊறவிட்டு, மூன்று தரம் அலசி, பழைய ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். பைப்பைத் திறந்தால் வீட்டில் வருவது மாதிரித் தண்ணீர் வந்தது. வின்சன்ட் ஐயா கைதட்டினார்.

அங்கேதான் வினை தொடங்கியது. மிதிபம்பில் ஆள் மிதிக்கிற அளவுதான் செலவு. மின்பம்பு வைத்தால் பைப்பைத் திறந்துவிட்டுப் பல் விளக்குவார்கள். இது என் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். நாலு நாளுக்கு வந்த தாங்கி ஒரே காலையில் தீர்ந்தது. அதுவரை முருகேசு இருபது லீற்றர் கேனில் கீழ் லயத்துப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து தாங்கியை நிரப்புவார். இனி அவரால் முடியாது. மேல் லயத்துத் தொட்டி நிரம்பி வழிகிறதே, அதிலிருந்து ஒரு குழாய் போட்டால் என்ன என்று வின்சன்ட் ஐயா கேட்டார்.

நான் முருகேசுவோடு மேலே ஏறிப் பார்த்தேன். மலையிலிருந்து வரும் ஊற்று அந்தத் தொட்டியில் விழுகிறது. நிரம்பி வழிவது கான் என்ற சின்ன வாய்க்காலில் ஓடித் தேயிலைச் செடிகளுக்கு அடியில் மறைகிறது. வாளியைப் பிடித்தேன். இருபது லீற்றர் நிரம்ப ஐம்பது வினாடி. சும்மா ஓடி வீணாகிறது என்றேன். அப்போது நேரம் பகல் பதினொரு மணி. பெண்கள் எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். லயங்களில் தண்ணீர் புழங்க ஆளில்லாத நேரத்தில் நின்று நான் அளந்தேன். செடிக்கு அடியில் மறைந்த தண்ணீர் இருநூறு அடி கீழே போய் எங்கே வெளியே வருகிறது என்று நடந்து பார்க்கவும் இல்லை. வழியும் வாயில் கறுப்புக் குழாயை மாட்டி, முந்நூறு மீற்றர் இழுத்து, கரையில் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றை வைத்து அதில் விட்டோம். அங்கிருந்து படகுக்கு.

அந்தக் கான்தான் கீழ் லயத்துப் பீலிக்கு வரும் தண்ணீர்.

ஹட்டனில் மூன்றேகாலுக்கு இறங்கி, நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். நூற்றுப் பத்து ரூபாய். டிக்கோயா தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நீர்த்தேக்கம் தெரிந்தது. ஜனவரியில் தேயிலை வரை நிறைந்திருந்த தண்ணீர் மார்ச்சில் இறங்கிப்போய், சுற்றிலும் செம்மண் கரை அகலமாகத் தெரிந்தது. படகு கரைக்குக் கிட்ட வெள்ளையாக நின்றது. முருகேசு றோட்டில் காத்திருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள்.

"ஏன் தம்பி அப்பவே சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"பைப்ப இழுத்ததே நான்தானண்ணே," என்றார். "வழியிறதுதானே, கொஞ்சம் போனாக்கா என்னா ஆகப்போகுதுன்னு நானும் நெனச்சேன். கேன் தூக்குற வேல போச்சேன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு. மழ நின்னப்பறம்தான் தெரிஞ்சுச்சு. அப்பறம் யார்கிட்டப் போய்ச் சொல்றது? தொர போடச் சொன்ன பைப்பு. என் வீட்டுக்காரி எட்டு நாளா என்கூடப் பேசல."

புதன்கிழமை காலை ஆறரைக்கே படகுக்குப் போய்ப் பார்த்தேன். முருகேசு சொன்னது சரி. பம்பில் குறையில்லை, நான் கொண்டுவந்த புதுப் பம்பு பெட்டியிலேயே கிடந்தது. கரையிலிருந்த பெரிய தாங்கி அரைக்கால் பங்குதான் இருந்தது. ஊற்றில் தண்ணீர் குறைந்துவிட்டதால் வழிவதும் மெல்லிசாகத்தான் வழிந்தது. வழிவது அத்தனையும் ராப்பகலாக என் குழாய்க்குள் போயும் அந்தத் தாங்கி நிரம்பவே இல்லை. படகுக்கும் போதவில்லை, லயத்துக்கும் இல்லை.

ஒன்பது மணிக்குக் கீழ் லயத்துக்கு ஏறினேன். ஒரே கூரையின் கீழ் பத்து வீடு, முன்னால் ஒரு முழ வாசல். லயத்தின் ஓரத்தில் பாறைக்குள் செருகிய இரும்புக் குழாய்தான் பீலி. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சின்னதும் பெரிதுமாகப் பதினேழு பிளாஸ்டிக் கேன்கள் வரிசையில் இருந்தன. சொந்தக்காரிகள் எல்லாரும் மலையில். வலது கையில் முழங்கை வரை பிளாஸ்டர் கட்டோடு ஒரு பெண் குந்தியிருந்து, நிரம்பிய கேனை இடது கையால் நகர்த்தி அடுத்ததை வைத்தார். அவர்தான் முருகேசுவின் மனைவி பாக்கியம். கை உடைந்து வீட்டில் இருப்பதால் பத்து வீட்டுக் கேனையும் முறை வைத்து நிரப்பும் வேலை அவரிடம் வந்திருக்கிறது.

"சும்மாதானே இருக்கேன்," என்றார். "ஐஞ்சு லீட்டருக்கு இருபது நிமிசம் ஆகுது. புள்ள இருக்குற வீட்டுக்கு மொதல்ல."

நான் யார் என்று சொன்னேன். தெரியும் என்பது மாதிரித் தலையாட்டினார். நான் பிழை செய்துவிட்டேன், அளக்கக் கூடாத நேரத்தில் அளந்தேன், கேட்காமல் போட்டேன் என்று ஏதேதோ சொன்னேன். வெட்கமாக இருந்தது. படகில் குளிக்கிறவர்களுக்குத் தண்ணீர் போதவில்லை, அதனால்தான் குழாய் தேவைப்பட்டது என்றும் சொல்லிவைத்தேன். அவர் கேனைப் பார்த்தபடியே கேட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் படகு தண்ணி மேலதான நிக்குது? அம்புட்டுத் தண்ணி கீழ கெடக்கையில எங்க தண்ணி எதுக்கு?"

இருபத்திரண்டு வருடம் உப்புத் தண்ணீரில் வேலை செய்தவனுக்கு, படகுக்கு வெளியே கிடப்பது தண்ணீரே அல்ல. அது மிதப்பதற்கு. உள்ளே தாங்கியில் இருப்பதுதான் தண்ணீர். நீர்த்தேக்கத்தின் மேல் ஐந்து நாள் உட்கார்ந்து வேலை செய்தும், சுற்றிக் கிடப்பது உப்பில்லாத தண்ணீர் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அதை எடுப்பதற்கென்றே படகின் அடியில் இருந்த வால்வை என் கையாலேயே மூடி இறுக்கியிருக்கிறேன். தொழில் தெரியாதவன் யாராவது வந்திருந்தால் முதல் நாளே ஒரு வாளியைக் கட்டி இறக்கியிருப்பான்.

"ஓடையில விழுந்தது எப்ப?" என்று கேட்டேன்.

"போன மாசம். காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு நட எடுத்துறலாம்னு போனேன். பனியில கல்லு வழுக்கிருச்சு." கட்டைத் தூக்கிக் காட்டினார். "கட்டுப் பிரிச்சாலும் முன்ன மாதிரி மடங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. கொழுந்துக்கு ரெண்டு கையும் வேணும்ண்ணே."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம். அதற்குப் பிந்தினால் அன்றைய பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அந்த அவசரத்தில்தான் விழுந்திருக்கிறார். நான் அங்கே நின்ற நேரத்தில் ஒரு கேன் நிரம்பியது. அடுத்ததை நான் எடுத்து வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

விடுதிக்குப் போய் வின்சன்ட் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "தோட்டக் கந்தோரில துரைமாரிடம் கேட்டேன், வழியிற தண்ணிதானே எண்டாங்க, அதனாலதான் போட்டேன்," என்றார். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நாளை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தம்பதி படகில் ஏறுகிறார்கள். ஏப்ரல் முழுக்கப் பதிவாகியிருக்கிறது.

"ஷவர் இல்லாம ஆட்களை ஏத்தேலாது பாஸ்," என்றார். கைவேலைக்காரரை இந்த நாட்டில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஷவர் இருக்கும் ஐயா. குளிக்கிறது, கழுவுறது எல்லாம் வாவித் தண்ணியில. குடிக்க மட்டும் தாங்கி. அதுக்குப் பழைய மிதிபம்பு. நாளைக்கு நாலு மணிக்குள்ள முடிச்சுத் தாறன். குழாயை இப்பவே கழட்டுறன்."

"நாலு மணிக்கு ஷவரில தண்ணி வராட்டி?"

"வராட்டி நீங்கள் சொல்றபடி."

"வராட்டிக் குழாய் திரும்பப் போகும்," என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது இவ்வளவு லேசான வேலை எண்டா, ஜனவரியில ஏன் செய்யல்ல?" என்று கேட்டார். நான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மேல் தொட்டியில் குழாயைக் கழற்ற இருபது நிமிடம்தான் ஆனது. வழிந்த தண்ணீர் பழையபடி கானில் இறங்கித் தேயிலைக்குள் போனது. இந்தமுறை நானும் அதன் பின்னால் செடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு அட்டை காலில் ஏறின. தண்ணீர் எனக்கு முன்னால் போய்விட்டது. நான் கீழே வந்தபோது பீலியில் சொட்டு நின்று, பென்சில் தடிப்பில் ஒழுக்கு விழுந்துகொண்டிருந்தது. பாக்கியம் சின்னக் கேனை எடுத்துவிட்டுப் பெரிய கேனை வைத்தார்.

பின்னேரம் ஹட்டனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள ஹார்ட்வெயார் கடையில் படகுச் சாமான் கிடைக்குமா என்ற பயம். கடைக்கார முஸ்லிம் நானா என் பட்டியலை வாசித்து, "படகா? இங்கயா?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மரக்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் சாமான்களிலிருந்து வலை வடிகட்டி ஒன்று, அழுக்குப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று, முக்கால் அங்குல ஹோஸ் நாலு மீற்றர், துருப்பிடிக்காத கிளிப் பன்னிரண்டு பொறுக்கினோம். பதினோராயிரத்து நானூறு ரூபாய். என் பிழைக்கு என் பையிலிருந்தே கொடுத்தேன். அதைக் கொடுத்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகில் வேலை தொடங்கினேன். வால்வு மூடியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு அதன் தலையிலிருந்த மூடியைக் கழற்றினேன். ஹோஸ், வலை வடிகட்டி, பம்பு, அழுக்கு வடிகட்டி, அங்கிருந்து ஷவருக்கும் கழுவும் பைப்புக்கும். நல்ல தண்ணீர்த் தாங்கியை அதிலிருந்து முழுதாகப் பிரித்தேன். இரண்டு தண்ணீரும் எந்த இடத்திலும் கலக்கக் கூடாது, அது என் தொழிலின் முதல் பாடம். நல்ல தண்ணீர் மிதிபம்பை முருகேசு எறியாமல் ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அதன் ரப்பர் வாய்களைக் கழுவிப் பழைய இடத்திலேயே பூட்டினேன்.

ஒன்றரை மணிக்கு வால்வைத் திறந்து பம்பைப் போட்டேன். ஷவரில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. ஐந்து நிமிடத்தில் வலை அடைத்து நின்றே போனது. வாவி இறங்கியதில் படகின் அடிக்கும் சேற்றுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. பம்பு சேற்றைத்தான் உறிஞ்சியது. வலையைக் கழுவிப் போட்டேன், மறுபடி அடைத்தது. மணி இரண்டேகால். நாலு மணிக்கு நான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, வலையை மறுபடி கழற்றினேன். என் மதிப்புப் போனால் போகட்டும், அந்தக் குழாய் மறுபடி மேலே ஏறக் கூடாது.

"படகத் தள்ளிக் கட்டிறலாம்ண்ணே," என்றார் முருகேசு. "அந்தா, பாறைக்கு நேரா. தண்ணி எம்புட்டு எறங்குனாலும் அங்கன ஆழம் இருக்கும். நான் தூண்டி போடுற எடம்."

"ஏன் இவ்வளவு நாளும் இங்க கட்டினீங்கள்?"

"பைப்பு எட்டாதுல்ல."

குழாய்க்காகத்தான் படகு இத்தனை நாள் சேற்றுக்கு மேல் நின்றிருக்கிறது. இனி அது இல்லாததால் எங்கேயும் கட்டலாம். நங்கூரத்தைத் தூக்கி, தோணியால் இழுத்து, எழுபது மீற்றர் தள்ளிக் கட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. வடிகட்டிகளைக் கழுவி மூன்று முப்பத்தைந்துக்குப் பம்பைப் போட்டேன். முதலில் கலங்கல், பிறகு மங்கல், பிறகு தெளிவாக வந்தது. கையை நனைத்தேன். சில்லென்று இருந்தது. வின்சன்ட் ஐயா கரையிலிருந்து கையை உயர்த்திக் கேட்டார். நானும் உயர்த்திக் காட்டினேன். குடிக்கும் தாங்கிக்கு முருகேசு கேனில் தண்ணீர் கொண்டு வருவார், இரண்டு நாளைக்கு இரண்டு கேன், பெண்கள் எடுத்து முடித்த பிறகு. அதற்குத் தனியாகக் கூலி கொடுக்கிறேன் என்று ஐயா ஒப்புக்கொண்டார்.

என் பஸ் வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு. ஆறு மணிக்கே கீழ் லயத்துக்குப் போனேன், தண்ணீர் இரவில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க. இந்தமுறை பெண்கள் இருக்கும் நேரத்தில் அளக்க வேண்டுமல்லவா. பீலியில் சுண்டுவிரல் தடிப்பில் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடைகளை முதுகில் போட்டபடியே வந்து, நிரப்பி, வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார்கள். ஒருத்தி, "குளிச்சுட்டே போயிறலாம் போலருக்கே," என்று போகிற போக்கில் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் லயம் காலியாகிவிட்டது.

பாக்கியத்தின் இருபது லீற்றர் கேன் பீலிக்கடியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் பெரிய கேனைக் கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. இடது கையால் ஒருமுறை தூக்கப் பார்த்தார், அசைந்தது, எழும்பவில்லை. முருகேசு ஐந்தரைக்கே படகுக்குப் போய்விட்டார், ஏறியிருக்கும் தம்பதிக்குத் தேநீர் போட. நான் கேனைத் தூக்கி அவர் வீட்டு அடுப்படியில் வைத்தேன்.

"இருங்க, தேத்தண்ணி போடுறேன்," என்றார்.

"பஸ் போயிரும். நாளைக்கு இதை எப்பிடித் தூக்குவீங்கள்?"

"சின்னக் கேன்ல நாலு நட நடப்பேன். தண்ணி பக்கத்துலயே வருதுல்ல." சொல்லிவிட்டு வாசலில் நின்று மலையைப் பார்த்தார். பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். "நீங்க வேணும்னு செய்யலண்ணே. ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்போம்."

போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஜன்னல் இடம். சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைகள் மட்டும் தெரிந்தன, இரண்டு கையும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது, மோட்டர் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று நானும் மனைவியும் ஒரு நாளும் கதைத்ததில்லை.

ஹட்டன் வரும்வரை ஒரு கேள்வி வாய்க்குள்ளேயே கிடந்தது. கட்டுப் போட்டிருக்கும் இந்த நாட்களுக்குப் பாக்கியத்துக்குப் பேர் விழுகிறதா, கை மடங்காவிட்டால் தோட்டத்தில் அவருக்கு என்ன வேலை கொடுப்பார்கள். அதைக் கேட்க எனக்கு மூன்று நாள் இருந்தது. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயத்தில் இந்தமுறையும் கேட்காமல்தான் வந்திருக்கிறேன்.